முன்சக்கரம் எழும் நொடி

சுவீடன் நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 70 விழுக்காடு காடு. அக்காட்டில் பாதியளவு தனிமனிதர்களுக்கும் குடும்பங்களுக்கும் சொந்தமானது. நம் நாட்டில் ஒரு குடும்பம் டுரியான் தோப்பு வைத்திருப்பதைப் போல, அங்குள்ள கிராமத்துக் குடும்பம் சிறு காடு ஒன்றை வைத்திருக்கும். நல்ல மரங்கள் அறுவை ஆலைக்குப் போகும். வளைந்தவையும் நெருக்கத்தைக் குறைப்பதற்காக வெட்டப்பட்டவையும் வீட்டிற்கு விறகாக வரும். குளிர்காலம் நீண்ட நாட்டில் விறகு சமையலுக்கு மட்டும் உரியதன்று. வீட்டைச் சூடாக வைத்திருப்பதும் அதுவே.

விறகைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவருவதற்கு ஏற்ற பருவம் குளிர்காலம்தான். கோடையில் கால் புதையும் சதுப்பு நிலம் அப்போது உறைந்து கல்லாகிவிடும். பனி மூடிய பாதையில் சறுக்கு வண்டி எளிதாக நகரும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அந்தச் சறுக்கு வண்டியை இழுத்தவை குதிரைகள். பிறகு சிறிய டிராக்டர்கள் வந்தன. அவற்றுள் மிகவும் விரும்பப்பட்டது ஃபெர்குசன் டிஇ-20. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட சாம்பல் நிற டிராக்டர் அது. சுவீடன் மக்கள் அதற்குக் ‘குரோலே’ என்று செல்லப்பெயர் வைத்தனர். சாம்பல் நிறக் குதிரைகளுக்கு அவர்கள் வழக்கமாக வைக்கும் பெயர் அது.

பெயர் பொருத்தமானதுதான். ஆனால், குதிரைக்கும் டிராக்டருக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. இழுத்துவரும் மரத்துண்டு ஓர் அடிக்கட்டையில் சிக்கிக்கொண்டால் குதிரை நின்றுவிடும். டிராக்டர் நிற்காது.

5 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட பச்சை பிர்ச் மரத்துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எடை 300 கிலோகிராமுக்கும் அதிகமாகவே இருக்கும். ஒருவர் அதனைச் சங்கிலியால் கட்டி, டிராக்டரின் பின்புறம் உயரமான ஓரிடத்தில் மாட்டி இழுக்கிறார். மரத்தின் முனை வேரில் மோதி நிற்கிறது. இயந்திரம் தொடர்ந்து சக்கரங்களைச் சுழற்ற முயல்கிறது. தரையில் பிடிப்பு குறைவாக இருந்தால் சக்கரங்கள் வழுக்கிச் சுழலும், சேறு தெறிக்கும், வேறொன்றும் நடக்காது. பிடிப்பு நன்றாக இருந்தால்தான் ஆபத்து. சக்கரங்களால் சுழல முடியாதபோது, இயந்திரத்தின் விசை டிராக்டரின் உடலையே பின் அச்சைச் சுற்றித் திருப்பத் தொடங்குகிறது. முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழுகின்றன. டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநர்மீது விழுகிறது.

முன்சக்கரம் எழத் தொடங்கியதிலிருந்து மீட்க முடியாத நிலையை அடைய, ஒரு நொடியில் முக்கால் பங்கே போதும். ஆபத்தை உணர்ந்து, கால் கிளச்சை மிதிப்பதற்கு ஒரு மனிதருக்குத் தேவைப்படும் நேரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ‘எச்சரிக்கையாக ஓட்டியிருக்கலாமே’ என்று பிறகு சொல்வது எளிது. அந்த முக்கால் நொடிக்குள் எச்சரிக்கைக்கு இடமே இல்லை. அது வண்டியை எடுப்பதற்கு முன்பே, சங்கிலியை மாட்டும்போதே இருந்திருக்க வேண்டும்.

சங்கிலி எங்கே மாட்டப்படுகிறது என்பதே இங்குக் கேள்வி. பின் அச்சைவிடத் தாழ்வாக உள்ள இணைப்புக் கம்பியில் மாட்டினால், டிராக்டரின் முன்புறம் சற்றே எழும்போது இணைப்புப் புள்ளி தரையை நோக்கி இறங்கும். அது இறங்க இறங்கக் கவிழ்க்கும் விசை குறையும். முன்சக்கரம் மீண்டும் தரையில் அமரும். அச்சுக்கு மேலே மாட்டினால் அத்தகைய திருத்தம் நிகழாது. ஒரே டிராக்டர், ஒரே மரத்துண்டு, ஒரே ஓட்டுநர். சங்கிலி இரண்டு சாண் உயர்ந்ததால் ஓர் உயிர் போகலாம்.

இச்சிக்கல் டிராக்டர் தோன்றிய காலத்திலேயே அறியப்பட்டது. 1917-இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட ஃபோர்ட்சன் டிராக்டர் விலை மலிவு, எடையும் குறைவு. இலட்சக்கணக்கில் விற்பனையானது. ஆனால், கலப்பை கல்லில் சிக்கினால் அது பின்புறமாகக் கவிழ்ந்துவிடும் என்ற கெட்ட பெயரும் அதற்கு இருந்தது. வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹேரி ஃபெர்குசன் இதற்கு ஒரு தீர்வு கண்டார். கலப்பையைச் சங்கிலியால் இழுக்காமல், கீழே இரண்டு கைகளும் மேலே ஒரு கையுமாக மூன்று இடங்களில் டிராக்டரோடு பிணைத்தார். கலப்பை எதிலாவது மோதினால், மேல் கை டிராக்டரை முன்னோக்கித் தள்ளும், முன்சக்கரம் எழாது. இன்று உலகெங்கும் காணப்படும் மும்முனை இணைப்பு இதுதான்.

ஆக, குரோலே என்பது கவிழக்கூடாது என்பதற்காகவே சிந்தித்து உருவாக்கப்பட்ட டிராக்டர். எனினும், காட்டில் விறகு இழுத்தவர்கள் கலப்பையைக் கொண்டு செல்லவில்லை. சங்கிலியைத்தான் கொண்டு சென்றனர். அதனை மேல் கை பொருத்தப்படும் இடத்தில் மாட்டுவது வசதி. மரத்தின் முனை சற்று உயர்ந்து, வேரில் இடிக்காமல் வரும். பாதுகாப்புக்காக அமைக்கப்பட்ட பகுதியே இவ்வாறு ஆபத்தான பகுதியாக மாறியது. இப்போது காட்டு வேலைக்கென்றே சிறிய வின்ச் கருவிகள் கிடைக்கின்றன. டிராக்டர் பாதையில் அசையாமல் நிற்க, கம்பிவடம் மரத்துண்டைக் காட்டுக்குள்ளிருந்து இழுத்துவரும். டிராக்டர் மரங்களுக்கிடையே நுழையாததால் உயிருள்ள மரங்களின் வேர்களும் நசுங்காமல் தப்பும்.

வெட்டித் துண்டாக்கிய விறகை டிரெய்லரில் ஏற்றினால் வேறு வகைச் சிக்கல். குரோலேயின் எடை சுமார் 1,100 கிலோகிராம். இரண்டு கன மீட்டர் அளவுக்கு அடுக்கிய பச்சை பிர்ச் விறகு ஏறக்குறைய 1,200 கிலோகிராம். டிரெய்லரின் சொந்த எடை வேறு. இழுப்பதைவிட இழுக்கப்படுவது கனம்! சமதரையில் இது பெரிதாகத் தெரியாது. இறக்கத்தில், பிரேக்கு இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து டிராக்டரைத் தள்ளும். குரோலேயின் பிரேக்கு பின்சக்கரங்களில் மட்டுமே உண்டு. அந்தச் சக்கரங்கள் பனியில் வழுக்கினால் டிரெய்லர் பக்கவாட்டில் மடங்கி டிராக்டரைப் புரட்டிவிடும். அதனால், அனுபவசாலிகள் இறக்கத்தின் உச்சியிலேயே வண்டியை நிறுத்திக் குறைந்த கியருக்கு மாற்றிக்கொண்டுதான் இறங்குவர். நடுவழியில் கிளச்சை மிதிப்பதில்லை.

சுமையைக் குறைக்கப் பழைய காலத்து முறை ஒன்றும் உதவுகிறது. இலைகள் விரிந்திருக்கும் கோடையில் மரத்தை வெட்டி, கிளைகளை நீக்காமல் சில வாரங்கள் அப்படியே கிடத்துவார்கள். வெட்டப்பட்டது இலைகளுக்குத் தெரியாது. அவை தண்டிலுள்ள நீரை உறிஞ்சி ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். நன்கு உலர்ந்த பிர்ச் விறகின் எடை, பச்சை விறகின் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான். எரியும்போதும் நீரை ஆவியாக்குவதில் வெப்பம் வீணாவதில்லை. அதே டிரெய்லர், அதே கொள்ளளவு. சுமை மட்டும் 800 கிலோகிராமாகக் குறைந்துவிடுகிறது. பொறுமை உள்ளவர்களுக்கு இதைவிட மலிவான பாதுகாப்புக் கருவி கிடையாது.

ஆயினும், எல்லாரும் எல்லா நாளும் பொறுமையாக இருப்பதில்லை. சுவீடன் அரசு இதனை ஏற்றுக்கொண்டு, ஓட்டுநரைத் திருத்துவதோடு நில்லாமல் டிராக்டரையும் திருத்த முடிவு செய்தது. 1959 முதல் அங்கு விற்கப்படும் புதிய டிராக்டர்களில் ஓட்டுநரின் இருக்கையைச் சுற்றி உறுதியான பாதுகாப்புச் சட்டகம் இருக்க வேண்டும் எனச் சட்டம் கட்டாயமாக்கியது. கனமான எடையை ஊஞ்சல்போல ஆட்டி மோதவிட்டுச் சட்டகத்தின் உறுதியைச் சோதித்தனர். பின்னர், பழைய டிராக்டர்களுக்கும் இவ்விதி படிப்படியாக விரிவுபடுத்தப்பட்டது. டிராக்டர்கள் கவிழ்வது முற்றிலும் நிற்கவில்லை. ஆனால், கவிழ்ந்த டிராக்டரின் அடியில் நசுங்கி இறப்போரின் எண்ணிக்கை மிகப் பெருமளவு குறைந்தது. மற்ற நாடுகளும் பிறகு இவ்வழியைப் பின்பற்றின.

சட்டகத்தோடு இருக்கை வாரும் சேர்ந்தால்தான் பயன். வார் அணியாதவர் சட்டகத்துக்கு வெளியே எறியப்பட்டு, அந்தச் சட்டகத்தின் கீழேயே சிக்கிக்கொள்ளக்கூடும். மாறாக, சட்டகமே இல்லாத பழைய டிராக்டரில் வாரால் கட்டிக்கொள்வது பெருந்தவறு. துள்ளி விலகுவதற்கு இருக்கும் சிறு வாய்ப்பும் அதனால் போய்விடும். தாழ்ந்த கிளைகளுக்கு அடியில் செல்வதற்காகச் சில சிறு டிராக்டர்களின் சட்டகத்தைப் பின்னால் மடக்கிக்கொள்ளலாம். மடக்கியவர்கள் மீண்டும் நிமிர்த்த மறந்துவிடுவதே அதிலுள்ள குறை.

நம் நாட்டின் தோட்டப்புறங்களில் வாழ்வோருக்கு இக்காட்சிகள் முற்றிலும் புதியவை அல்ல. பால்மரம் முதிர்ந்து மறுநடவுக்காக வெட்டப்பட்டபோது, அதன் கட்டைகள் ஒரு காலத்தில் விறகாகவே ஏற்றிச் செல்லப்பட்டன. தட்டுப்பால் உலர்த்தும் புகைக்கூடங்களிலும் அவையே எரிந்தன. பால்மரத்தில் மேசை நாற்காலிகள் செய்யலாம் என்பது பிற்காலத்தில்தான் பரவலானது. இன்று செம்பனைத் தோட்டங்களில் சிறு டிராக்டர்கள் குலைகளை வரிசை வரிசையாகச் சேகரித்துச் சாலையோரம் கொண்டுவந்து சேர்க்கின்றன. பனிக்குப் பதிலாக மழையில் நனைந்த செம்மண். அடிக்கட்டைகளுக்குப் பதிலாக வடிகால்கள். குன்றுச் சரிவில் குலைகள் நிறைந்த டிரெய்லருடன் இறங்கும் ஓட்டுநர், சுவீடன் காட்டில் விறகு ஏற்றிவரும் விவசாயியைப் போலவே, சரிவின் உச்சியில் ஒருமுறை நின்று கியரை மாற்றுகிறார்.