காடும் சோலையும் கோயிலாய திறம்

சைவசித்தாந்தச் செந்நெறியில் ஒழுகும் அன்பர்களிடையே ஓர் ஐயம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. மலையும் ஆறும் சோலையும் கண்டு மகிழ்தல் ஆன்மாவுக்கு ஆக்கமோ, அன்றித் தளையோ என்பதே அஃது. உலகம் மாயையின் காரியம். மாயை பாசங்களுள் ஒன்று. ஆகவே உலகின் வனப்பிற் கண்ணைச் செலுத்துவார் பாசத்தையே பற்றுவாராவர் என்று ஒரு சாரார் கூறுப. சோலையிற் புகுந்து மலரையும் பறவையையும் கண்டு உளங்குளிர்தலே வழிபாடாம். கோயிலும் குருவும் வேண்டா என மற்றொரு சாரார் கூறுப. இவ்விரு கூற்றும் சித்தாந்தத்துக்கு ஒவ்வாமையைத் தொண்டைநாட்டின் வடபாலுள்ள தலங்கள் சிலவற்றைத் துணையாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

வடபால் என்றது, 1997-ஆம் ஆண்டிற் செங்கற்பட்டு மாவட்டத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாய் அமைந்த திருவள்ளூர்ப் பகுதியினை. கொசத்தலையாறும் ஆரணியாறும் இதன்கண் ஓடி, முன்னது எண்ணூர்க் கழியிலும் பின்னது பழவேற்காட்டு ஏரியிலும் சென்று கலக்கின்றன. இப்பகுதித் தலங்களின் பெயர்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாம். திருவாலங்காடு ஆலமரக் காடு. திருவேற்காடு வேலமரக் காடு. திருப்பாசூர் பாசு எனப்படும் மூங்கிலாற் பெயர் பெற்றது. வடதிருமுல்லைவாயில் முல்லைக்கொடியாலும், திருக்கள்ளில் கள்ளியாலும், பொன்னேரிக்கு அணித்தாகிய திருப்பாலைவனம் பாலைமரத்தாலும் பெயர் பெற்றன என்ப. கோபுரத்தாலன்று, கொடுத்த மன்னனாலுமன்று. அவ்வந் நிலத்தில் உழுவாரும் இறைப்பாருமின்றித் தாமே முளைத்து வளர்ந்த மரஞ் செடி கொடிகளாலேயே இத்தலங்கள் அறியப்பட்டன.

இத்தலங்களின் வரலாறுகளும் இதனையே வலியுறுத்துகின்றன. திருப்பாசூரிற் பெருமான் மூங்கிற்புதரிடை மறைந்திருந்து வெளிப்பட்டருளினார். திருமுல்லைவாயிலிற் படையொடு வந்த தொண்டைமானது யானையின் கால் முல்லைக்கொடியிற் சிக்கிக்கொள்ள, அரசன் அக்கொடியை வாளால் வெட்ட, ஆங்குக் குருதி பெருகக் கண்டு நடுங்கி இறங்கி நோக்கியவழிச் சிவலிங்கம் புலப்பட்டது. இவ்விரண்டினும் உற்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. பெருமானை மறைத்தது எது? கொடியும் புதரும். பெருமானைக் காட்டியது எது? அக்கொடியும் புதருமே. யானையின் காலை முல்லை பிணித்திராதேல் தொண்டைமான் அவ்வழியே கடந்து போயிருப்பான். லிங்கத்திருமேனி அவனுக்குத் தோன்றியிராது. மறைத்தலும் அருளே என்று சித்தாந்தம் கூறும் திரோதான சத்தியின் இயல்பு இதுவாம். பக்குவம் எய்துங்காறும் மறைத்து நின்று, பக்குவம் எய்தியவழி மறைத்த அதனையே வாயிலாகக் கொண்டு அச்சத்தி அருட்சத்தியாய் விளங்கும். இதனைத் தத்துவமாகப் பாடங்கேட்டும் தெளியாதார், ஒரு முல்லைப்பந்தரின் கீழ் இருந்து இவ்வரலாற்றைச் சிந்திப்பாராயின் எளிதிற் றெளிவர்.

இனி, முதற்சாரார் கூற்றை ஆராய்வாம். மாயை பாசமே, ஆயினும் அஃது ஆணவத்தோடு ஒப்ப வைத்து வெறுக்கற்பாலதன்று. ஆணவம் அறிவை மறைக்கும் இருள். மாயையோ, பொழுது புலருங்காறும் கைக்கொள்ளும் விளக்குப்போல, உயிர்க்குச் சிற்றறிவை விளக்கி உதவுவது. உடம்பும் கருவியும் உலகும் நுகர்ச்சியுமாகிய தனு கரண புவன போகங்களை இறைவன் மாயையினின்றும் தோற்றுவித்து உயிர்கட்குக் கொடுத்தது, அவ்விருளினின்றும் அவற்றை மெல்ல மெல்ல எடுத்தற்பொருட்டேயாம். உலகைப் பொய்த்தோற்றமென்று கொள்ளும் மாயாவாதிகள் சோலையைக் கண்டு முகஞ்சுளித்தல் அவர்தம் கொள்கைக்குப் பொருந்தும். உலகு உள்பொருளென்றும், அஃது இறைவனால் உயிர்கட்கு அளிக்கப்பட்டதென்றும் கொண்ட சைவர் அங்ஙனம் செய்தல் பொருந்துமாறு யாங்ஙனம்? விளக்கையே வெறித்து நோக்கி நிற்பவனும் பேதை. விளக்கை அவித்துவிட்டு இருளில் வழி தேடுபவனும் பேதை. விளக்கின் ஒளியால் வழியைக் காண்பவனே அறிவுடையான்.

அற்றேல், காணுதல் யாருடைய செயல் என வினவுவார்க்குத் திருவெண்பாக்கம் விடை தருகின்றது. கண் தானே காணாது. உயிர் உடனின்று காட்டியும் கண்டும் உதவினாலன்றி அதற்குக் காட்சியில்லை. அதுபோல உயிரும் தானே அறியாது. முதல்வன் உடனின்று காட்டியும் கண்டும் உதவ அறியும். சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரம் இதனை அறிவுறுத்தி, அவ்வுதவியை மறவாத அன்பே திருவடியிற் கூட்டும் என முடிப்பதாயிற்று. திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவைக் கடந்து கண்ணொளி இழந்த சுந்தரமூர்த்தி நாயனார், வடதிருமுல்லைவாயிலை வணங்கித் திருவெண்பாக்கம் எய்தினர். ஆங்குப் பெருமான் உடனே கண் கொடாமல் ஊன்றுகோல் கொடுத்தருளினார். அதன்பின்னர்க் காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் கிடைத்தன. சோலையின் பசுமையை இன்று நாம் காண்கின்றோமாயின், அக்காட்சி நமது உடைமையன்று, ஒவ்வொரு கணமும் நமக்குத் தரப்படுவது என்னும் உணர்ச்சி இவ்வரலாற்றாற் பெறப்படும். அவ்வுணர்ச்சியோடு காண்பார்க்கு ஒரு தளிரும் திருவருட் காட்சியேயாம்; அஃதின்றிக் காண்பார்க்குக் கயிலையும் கல்மலையேயாம்.

இத்திருவெண்பாக்கத்துப் பழைய திருக்கோயில் இன்று கண்ணாற் காணப்படுவதன்று. சென்னை நகரின் குடிநீர்க் குறை நீங்கும்பொருட்டு 1940-ஆம் ஆண்டு தொடங்கி 1944-ஆம் ஆண்டு முற்றுப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்துள் அவ்விடம் அடங்கிற்று. அந்நகரின் மேயராய் விளங்கி இதற்கு முயன்ற சத்தியமூர்த்தியார் பெயரே அத்தேக்கத்துக்கு இடப்பட்டது. திருமேனிகள் பூண்டியிற் புதிதாக எடுத்த கோயிலில் எழுந்தருளுவிக்கப்பெற்று ஊன்றீசுவரர் வழிபாடு இடையறாது நடைபெறுகின்றது. நகரத்தார் பருகும் நீரின்கீழ் ஒரு பாடல்பெற்ற தலம் உள்ளது என்பதை எண்ணுவார், அந்நீரை வாளா பருகார். இடம் பெயர்ந்தும் தலம் அழியாதது, பதிகம் ஓதுவார் ஒழியாமையாலும் வழிபடுவார் ஒழியாமையாலுமே என்பதும் ஈண்டு உளங்கொள்ளத்தக்கது.

வனப்புடைய சோலைதான் வேண்டுமோ எனின், அன்று என்பது காரைக்காலம்மையார் திருவாக்காற் றெளியப்படும். அம்மையார் திருவாலங்காட்டைத் தலையால் நடந்து எய்தி, ஆங்குப் பெருமானது கூத்தைக் கண்டு மூத்த திருப்பதிகங்களை அருளினர். அவற்றுள் அவர் எடுத்தோதிய மரஞ்செடிகள் யாவை? கள்ளி, காரை, சூரை, ஈகை, வாகை, எட்டி, இலவம் என்பன. இவை பூஞ்சோலைக்கு உரியனவல்ல. வெயில் காய்ந்த வறுநிலத்துக்கும் ஈமப்புறங்காட்டுக்கும் உரியன. வாகையின் முற்றிய நெற்று காற்றில் ஒலித்தலையும் அம்மையார் செவிமடுத்தனர். பிறர் அஞ்சி அகலும் முட்காட்டில் அவர் ஐந்தொழிற் கூத்தைக் கண்டதற்குக் காரணம் காட்டின் சிறப்பன்று, கண்டாரது அன்பின் சிறப்பேயாம். காரையும் சூரையும் கும்மிடிப்பூண்டி, பொன்னேரிப் பக்கங்களில் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் இன்றும் காணப்படுவன. அவற்றை வேண்டாத முட்புதரென்று இகழ்வோர், அம்மையார் திருவாக்கில் இடம்பெற்ற பேறு அவற்றுக்கு உண்டென்பதை அறிவாராக.

இனி, சோலையே அமையும், கோயில் வேண்டா என்பாரை நோக்குவாம். நிலம், நீர், தீ, வளி, வான், ஞாயிறு, திங்கள், உயிர் என்னும் எட்டும் இறைவனுக்குத் திருமேனியென நூல்கள் கூறுதல் உண்மையே. ஆயினும் அவை அவன் உறையும் இடமாதலால் திருமேனி எனப்பட்டனவன்றி, அவையே அவன் என்னும் கருத்தாற் கூறப்பட்டிலவென்க. உலகினூடு கலந்து நிற்பினும் உலகின் வேறாயும் அதனைக் கடந்தும் நிற்பவன் பதி. திருவையாற்றில் அப்பரடிகள் களிறும் பிடியும், பறவைச் சேவலும் பெடையும் எனக் கண்ட யாவும் சத்தியும் சிவமுமாய்க் காணப்பெற்றனர். அக்காட்சி வழிப்போவார் யாவர்க்கும் வாய்ப்பதன்று. கயிலை காணவேண்டித் தம் உடல் தேயத் தவழ்ந்தும் புரண்டும் சென்று, திருவருள் காட்டக் கண்டவர் அவர். அந்நிலை எய்தாத நாம் அருவமாய் எங்கும் நிறைந்தானை ஓரிடத்து உருவாக வைத்து வழிபட்டுப் பழகியபின்னரே எங்கும் காணவல்லேமாவோம். பாலிற் படுநெய் பசுவின் உடம்பெங்கும் இருப்பினும் மடியிற் கறந்தே கொள்ளப்படுதலை ஒப்பு நோக்குக.

ஆகவே, சோலைக்கும் கோயிலுக்கும் பாலமாய் நிற்பது நந்தவனத் தொண்டேயாம். சரியைத் தொண்டுகளுள் மலர் கொய்தலும் மாலை தொடுத்தலும் அடங்கும். திருப்புகலூர் முருகநாயனார் வைகறையில் நீராடிக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகைப் பூவும் கொய்து, இண்டையும் கண்ணியும் பிணையலும் தொங்கலுமாகத் தொடுத்துச் சாத்தினர். கமலை ஞானப்பிரகாசர் செய்த புட்பவிதி இதற்கென்றே அமைந்த நூல். புழுக்கடியுற்றதும், தானே உதிர்ந்ததும், சிலந்தியிழை தோய்ந்ததும் விலக்கப்படும். இவ்விலக்கின் பயனை ஆராயின், தொண்டன் ஒவ்வொரு மலரையும் கூர்ந்து நோக்கும் பழக்கம் பெறுவான் என்பது தோன்றும். எந்த மரம் எப்பருவத்திற் பூக்கும், எக்கொடி எந்நாழிகையில் மொட்டவிழும் என்பவற்றை அவன் நூல் பாராமலே அறிவான். அவ்வறிவும் மகிழ்ச்சியும் தனக்கென நில்லாது திருவடிக்கு ஆதலின் தளையாகா. கொல்லாமை, ஐம்பொறியடக்கல், பொறை, அருள், அறிவு, வாய்மை, தவம், அன்பு என்னும் அகமலர் எட்டும் மலர்வதற்குப் புறமலர் கொய்தலே பயிற்சிக்களமாயிற்று. திருநின்றவூர்ப் பூசலார் அகத்தே கோயில் எடுத்தபொழுது, புறக்கோயிலுக்கு வேண்டும் கிணறும் திருமதிலும் குளமும் ஒன்றும் குறையாமல் நினைந்து அமைத்தனர். புறத்தை நன்கறிந்தாரன்றி அகத்தை அங்ஙனம் அமைத்தல் அரிது.

இக்காலத்து இப்பகுதியின் நிலையை நோக்குவாம். 1971-ஆம் ஆண்டு தோன்றிய சிப்காட் அமைப்பின் தொழிற்பேட்டை கும்மிடிப்பூண்டியிற் பரந்து கிடக்கின்றது. பல்லாயிரவர் ஆங்கு உழைத்து வாழ்கின்றனர். அவ்வுழைப்பை இகழ்தல் நம் கருத்தன்று. காயகமும் சிவத்தொண்டாதல் கூடும். ஆயின் வாரத்தில் ஒருநாள் ஓய்வு பெறும் தொழிலாளி தன் மக்களோடு செல்லுதற்குரிய இடம் யாது என்பதைச் சைவ உலகம் சிந்தித்ததுண்டோ? திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையிலுள்ள இருப்பூர்தி நிலையத்தில் இறங்கித் திருவாலங்காடு செல்லலாம். திருவள்ளூரினின்றும் சிறிது தொலைவிலேயே திருப்பாசூரும் பூண்டியும் உள்ளன. பூண்டிக்கு அணித்தாகிய அத்திரம்பாக்கத்திற் கிடைத்த கற்கருவிகள் 15 நூறாயிரம் யாண்டு பழமையுடையன என 2011-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. கொசத்தலையாற்றங்கரை எத்துணை ஊழி உயிர்களைத் தாங்கிற்று என எண்ணுவார்க்கு நிலையாமையும் முதல்வனது பேரருளும் ஒருங்கே தோன்றும். அவ்வாற்றங்கரையிலேயே திருக்கண்டலம் என வழங்கும் திருக்கள்ளில் உளது. பனிக்காலத்திற் பழவேற்காட்டு ஏரியில் வந்திறங்கும் பூநாரைகளைக் காணல் மக்கட்குப் பெருவிருந்தாம். பதிகம் ஒன்றை முற்றும் ஓதி, அத்தலமரத்தை வலம்வந்து, மர நிழலில் இருந்து உண்டு மீளும் ஒரு நாளைச் செலவு, பத்து நாள் விரிவுரையிலும் பயன் மிகும்.

ஈண்டு ஓர் இடர் உளது. செல்வோர் காணத் தலமரமும் நந்தவனமும் இருத்தல் வேண்டும். பல கோயில்களில் நந்தவனம் என்பது பெயரளவாய்ச் சுருங்கி, மாலைகள் அங்காடியினின்று நெகிழித்தாளிற் பொதிந்து வருகின்றன. திருச்சுற்றில் மண் தெரியாதவாறு கல்லும் பூச்சும் பரப்புதலே திருப்பணி என எண்ணுவாரும் உளர். மூங்கில் இல்லாத பாசூரும் முல்லை இல்லாத முல்லைவாயிலும் காணும் பிள்ளைகட்குப் பதிகத்தின் இயற்கைப் பகுதி பொருளற்ற ஓசையாய்ப் போம். பின்னர் அப்பகுதியை ஓதுதலே மிகையென அவர் கருதுவர்; திருமுறையின் பாதி அங்ஙனம் நம் கையினின்றும் நழுவும்.

ஆதலின், ஆதீனத் தலைவர்களும் கோயிற் பொறுப்பாளரும் செயற்பாலன மூன்று. ஒவ்வொரு தலத்திலும் அதற்குரிய மரத்தின் வித்தோ கிளையோ கொண்டு இளங்கன்றுகள் ஆக்கி, முதுமரம் நிற்கும்போதே நட்டு வளர்த்தல் ஒன்று. திருச்சுற்றில் ஒரு பகுதியையேனும் மண்ணாக விட்டு, நாட்டு மலர்களால் நந்தவனம் அமைத்து, நாட்பூசைக்கு வேண்டும் மலரை ஆங்கே கொள்ளுதல் மற்றொன்று. சித்தாந்த வகுப்பு நடத்துவோர் ஆண்டில் சில வகுப்புக்களையேனும் நந்தவனத்திலும் தலமரத்தின் கீழும் நடத்தி, மாணாக்கர் கையில் பூக்குடலையையும் நீர்க்குடத்தையும் கொடுத்தல் பிறிதொன்று. இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நாள்தோறும் நீர் வார்க்கும் கை ஒன்றே வேண்டும்.

உலகு பாசமென்று அஞ்சி ஓடுதலும் உலகே பதியென்று மயங்கி அமர்தலும் ஒழிந்து, பதி காட்டப் பசு காணும் பொருளாக உலகைக் கண்டு, கண்ட மகிழ்ச்சியை ஒரு மலராக அவன் திருவடியில் இடுதலே சித்தாந்த முடிபு என்க.

திருச்சிற்றம்பலம்.