வெள்ளணுப் பெருக்கமும் மருந்தின் விலையும்

நோய்க் கிருமிகளை எதிர்த்து உடலைக் காப்பவை இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள். நலமுள்ள ஒருவரின் இரத்தத்தில் கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை இவ்வணுக்கள் இருக்கும். கிருமித் தொற்றின்போது இந்த எண்ணிக்கை உயர்வதும், தொற்று நீங்கியதும் தணிவதும் இயல்பே. ஆதலால், எண்ணிக்கை உயர்ந்த மாத்திரத்தில் புற்றுநோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், தக்க காரணமின்றி உயர்ந்து, தணியாமல் ஒரு லட்சத்தையும் கடக்குமானால், அது இரத்தப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடும்.

நோயின் மூலம்

இவ்வகையில் நன்கு ஆராயப்பட்டது நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயாகும். 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்டு ஆகிய ஆய்வாளர்கள், இந்நோயாளிகளின் அணுக்களில் இயல்புக்கு மாறான சிறிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 9, 22 ஆகிய எண்களுடைய குரோமோசோம்கள் தம் பகுதிகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்வதே இதற்குக் காரணம் என்பதை 1973இல் ஜேனட் ரௌலி கண்டறிந்தார். இம்மாற்றத்தால் தோன்றும் புரதம், எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்களை ஓயாது பெருகச் செய்கிறது. அப்புரதத்தின் செயலைத் தடுக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. இதனை நாள்தோறும் உட்கொள்வோரில் பெரும்பாலோர் பல்லாண்டுகள் வாழ்கின்றனர்.

சட்டத்தின் பங்கு

மருந்து பிறந்தது, ஆனால் அதனை வாங்க இயலுமா? இந்தியாவில் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆயிற்று. இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்தின் மாதச் செலவோ அப்போது சுமார் 10,000 ரூபாயாகவே இருந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்காத 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில் வளர்ந்தவை இந்நிறுவனங்கள். 2005இல் அத்தகைய காப்புரிமை அனுமதிக்கப்பட்டபோதும், பழைய மருந்தின் புதிய வடிவம் கூடுதல் குணமளிக்காவிடில் காப்புரிமை இல்லை என்று 3(டி) பிரிவு வரையறுத்தது. இப்பிரிவின்படி நோவார்ட்டிசின் விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அந்நிறுவனத்தின் முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

கண்டறிதலே முதற்படி

மருந்து மலிந்தாலும், நோய் அறியப்படாவிடில் பயனில்லை. நீடித்த சோர்வு, உடல் மெலிவு, மண்ணீரல் வீங்குவதால் இடப்புற வயிற்றில் தோன்றும் கனம் ஆகியன இந்நோயின் அறிகுறிகள். நோயின் முதல் தடயத்தைக் காட்டுவது எளிய இரத்த அணு எண்ணிக்கைச் சோதனையே. ஊரக மக்களுக்கு இச்சோதனை அருகிலேயே கிடைப்பதும், மருந்து இடையறாது கிடைப்பதும் உறுதி செய்யப்பட்டால்தான், அறிவியலும் சட்டமும் ஈட்டித் தந்த நன்மை நோயாளியின் இல்லத்தை எட்டும்.