சூளைக்குள் களிமண் எப்படி விறைப்பாகிறது?

மாணவர்களே, பொங்கல் பானை வாங்கும்போது அம்மாவோ பாட்டியோ என்ன செய்வார் என்று கவனித்திருக்கிறீர்களா? பானையைக் கையில் தூக்கி, விரலால் சுண்டிப் பார்ப்பார். 'டங்' என்று ஒலித்தால் வாங்குவார். 'டப்' என்று மங்கலாகக் கேட்டால் திரும்ப வைத்துவிடுவார். அந்தச் சிறு சோதனைக்குள் நல்ல இயற்பியல் பாடம் ஒன்று இருக்கிறது.

விறைப்பு என்றால் என்ன?

ஒரு பொருளை வளைக்கவோ அமுக்கவோ முயலும்போது, அது உருமாறாமல் எதிர்த்து நிற்கும் பண்பே விறைப்பு. யங் குணகம் என்ற அளவு இதைக் காட்டுகிறது. வலிமை என்பது வேறு. பொருள் எவ்வளவு விசையில் உடையும் என்பதை அது குறிக்கும்.

விறைப்பான பொருளைத் தட்டினால் வேகமாக அதிரும். ஒலியின் சுருதி உயரும். ஆய்வுக்கூடத்திலும் களிமண் கோலை மெல்லத் தட்டி, ஒலிவாங்கியால் அதிர்வெண்ணைப் பதிவு செய்து, விறைப்பைக் கணக்கிடுகிறார்கள். கோலின் எடையும் அளவும் மாறாமல் அதிர்வெண் இரு மடங்கானால், விறைப்பு நான்கு மடங்காகியிருக்கிறது என்று பொருள்.

நெருப்பில் நான்கு கட்டங்கள்

1. நீர் வெளியேறுதல்: காய்ந்த மண்ணிலும் சிறிது ஈரம் தங்கியிருக்கும். 100 பாகை செல்சியசை ஒட்டி அது ஆவியாகும். துகள்கள் நெருங்குவதால் விறைப்பு சற்றுக் கூடும். இங்கே அவசரப்பட்டு வேகமாகச் சூடேற்றினால், உள்ளே அடைபட்ட நீராவி பானையையே வெடிக்கச் செய்யும்.

2. கட்டமைப்பு மாறுதல்: களிமண்ணில் உள்ள முக்கியக் கனிமம் கயோலினைட். அதன் எடையில் ஏறக்குறைய 14 விழுக்காடு, படிகத்தோடு வேதியியல் முறையில் பிணைந்த நீர். 450 முதல் 600 பாகைக்குள் அது பிரிந்து வெளியேறும். இப்போது விறைப்பு பெரிதாகக் கூடுவதில்லை. ஆனால், மண் இனிக் குழைந்து பழைய நிலைக்குத் திரும்பாது.

3. துகள்கள் ஒட்டுதல்: ஏறத்தாழ 800 பாகையைத் தாண்டியதும், துகள்கள் தொடும் இடங்களில் அணுக்கள் நகர்ந்து பாலம் அமைக்கின்றன. விறைப்பு வேகமாக உயரத் தொடங்குவது இங்குதான்.

4. கண்ணாடியாதல்: 1,000 பாகைக்கு மேல், மண்ணில் கலந்துள்ள சில கனிமங்கள் உருகித் துளைகளை நிரப்புகின்றன. ஊசி போன்ற முல்லைட் படிகங்களும் வளர்கின்றன. ஆறியதும் எல்லாம் சேர்ந்து ஒரே உடலாகின்றன. வெப்பம் அளவு மீறினாலோ உருகிய பகுதி மிகுந்து பாண்டம் தொய்ந்துவிடும்.

ஆறும்போதும் ஆபத்து

நெருப்பு அணைந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மண்ணில் கலந்துள்ள குவார்ட்ஸ் மணல், 573 பாகையில் திடீரென்று சுருங்கும். சுற்றியுள்ள பகுதி அதே அளவு சுருங்காததால், மணலைச் சுற்றி நுண்விரிசல்கள் தோன்றும். அரும்பாடுபட்டுப் பெற்ற விறைப்பில் ஒரு பகுதி இப்படிக் குறைந்துபோகும். சூளையை அவசரமாகத் திறந்தால் பாண்டம் முழுவதும் பிளக்கவும் கூடும். பாட்டி கேட்ட 'டப்' ஒலிக்கு ஒரு காரணம் இதுதான்: விரிசல் அதிர்வின் ஆற்றலை விழுங்கிவிடுகிறது.

அப்படியானால், மிக விறைப்பான பாண்டம்தான் சிறந்ததா? இல்லை. பேராக் மாநிலம், கோலகங்சார் அருகே செய்யப்படும் லாபு சாயோங் குடுவையை நினைத்துப் பாருங்கள். அதன் சுவரில் நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால், உள்ளே இருக்கும் நீர் குளிர்கிறது. கண்ணாடிபோல் இறுகிய பீங்கான் இதைச் செய்யாது. எந்தப் பயன்பாட்டுக்கு எவ்வளவு சுட வேண்டும் என்பதை அறிவதே குயவரின் திறமை.

செய்து பாருங்கள்

களிமண்ணைச் சிறு வில்லையாகத் தட்டி, மூன்று நாள் காய வையுங்கள். அதையும் உடைந்த பூந்தொட்டித் துண்டு ஒன்றையும் தனித்தனிக் கிண்ண நீரில் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். வில்லை கரைந்து சேறாகும்; தொட்டித் துண்டு அப்படியே இருக்கும். இரண்டுமே கைக்கு விறைப்பாகத்தான் இருந்தன. பிறகு ஏன் இந்த வேறுபாடு? மேலே சொன்ன நான்கு கட்டங்களில் எது இதற்குக் காரணம் என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்.