தைராய்டு ஆபரேஷனுக்குப் போற தங்கச்சிக்கு

கழுத்துல ஆபரேஷன்னு டாக்டர் சொன்னதுமே புற்றுநோய்தான்னு முடிவு பண்ணிக்காதேம்மா. தைராய்டு கட்டிகள்ல பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள்தான். மூச்சுக்குழாயையோ உணவுக்குழாயையோ அழுத்தினாலும், ஊசி டெஸ்ட்ல சந்தேகம் வந்தாலும் எடுக்கச் சொல்வாங்க.

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேளு: பாதி எடுப்பீங்களா, முழுசுமா? பாதின்னா மிச்சம் இருக்கறதே பலருக்குப் போதும். முழுசும்னா ஆயுசுக்கும் தைராக்ஸின் மாத்திரை. அடுத்தது குரல். குரல்வளைக்குப் போற நரம்பு தைராய்டை ஒட்டியே ஓடுது. நீ டீச்சர், நாள் முழுக்கப் பேசணும்னு தெளிவாச் சொல்லு. குரல் நாண் அசைவை முன்கூட்டியே ஸ்கோப் வெச்சுப் பார்ப்பாங்களான்னும் கேளு. ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச நாள் குரல் கம்மினா பயப்படாதே; தண்ணி குடிக்கும்போது அடிக்கடி புரை ஏறினா சொல்லிடு. ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை சாப்பிட்டா அதையும் சொல்லு, நீயா நிறுத்தாதே.

நான் ரொம்ப வற்புறுத்தறது கால்சியம் விஷயம். தைராய்டுக்குப் பின்னாடி அரிசி மாதிரி, பொதுவா நாலு பாராதைராய்டு சுரப்பி இருக்கு. முழுசும் எடுக்கும்போது அதுக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சா கால்சியம் இறங்கிடும். ஒண்ணு ரெண்டு நாள்ல உதட்டைச் சுத்தி மரத்துப்போகும், விரல் நுனி சுருசுருங்கும், கை இழுத்துப் பிடிக்கும். 'சாப்பிடாததால வந்த பலவீனம்'னு வீட்ல சொல்வாங்க. கேட்காதே, உடனே டாக்டருக்குப் போன் பண்ணு. ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிடும், மருந்தும் இருக்கு.

கழுத்து திடீர்னு வீங்கி மூச்சு முட்டினா ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில இருந்தா நர்ஸைக் கூப்பிடு, வீட்லன்னா 108. முதல் 24 மணி நேரத்துலதான் இந்த ஆபத்து அதிகம்.

தைராக்ஸின் மாத்திரையை விடிகாலை வெறும் வயித்துல தண்ணியோட போடு. காபி அரை மணியாவது கழிச்சுத்தான்; ஒரு மணின்னா இன்னும் நல்லது. கால்சியம், இரும்பு மாத்திரைக்கும் இதுக்கும் நாலு மணி நேர இடைவெளி வேணும். நல்லாத்தானே இருக்கேன்னு நிறுத்திடாதே. சுவிட்சர்லாந்து டாக்டர் கோகர், தைராய்டை முழுசா எடுத்த நோயாளிகள் வீங்கி மந்தமாகிப் போறதை 1883-லேயே எழுதினார். தைராய்டு ஆய்வுக்காக 1909-ல நோபல் பரிசு வாங்கினவர். அவர் எழுதின அந்தக் காலத்துல இதுக்கு மாத்திரையே கிடையாது. குழந்தைக்குத் திட்டமிட்டா முதல்லயே சொல்லு, டோஸை ஏத்த வேண்டிவரும்.

தாலிச் சங்கிலியை வீட்லயே கழட்டி வெச்சுட்டுப் போ. காயம் ஆறுற வரைக்கும் உரச வேண்டாம். மஞ்சள், எண்ணெய்னு எதையும் தடவாதே. தழும்புல வெயில் படாம துப்பட்டா போட்டுக்கோ.

பயாப்ஸி ரிப்போர்ட் டிஸ்சார்ஜுக்கு அப்புறம்தான் வரும். ஆஸ்பத்திரியிலயே கிடக்கட்டும்னு விட்டுடாம கேட்டு வாங்கி, ஒரு ஜெராக்ஸும் எடுத்து வை. மேற்கொண்டு அயோடின் சிகிச்சை வேணுமான்னு அதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க.