கொல்லையில் விளையும் நலம்

உணவே உடலை வளர்க்கிறது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால், அந்த உணவு எங்கே விளைந்தது, எப்பொழுது பறிக்கப்பட்டது, யாருடைய தட்டில் எவ்வளவு விழுகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. 2019-21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களிடம் இது 59 விழுக்காடு. பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தால், நாட்டின் சராசரிப்படி அவர்களுள் ஏறக்குறைய அறுவருக்கு இக்குறை உண்டு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதையும், பாடத்தில் மனம் ஊன்றாமையையும் பலர் சோம்பல் என்று கடிந்து கொள்கிறார்கள். பல வேளைகளில் அது இரத்தத்தின் குறையே.

இக்குறைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, கீரையும் காயும் பழமும் போதிய அளவு உண்ணாமை. அந்த ஒன்றைத் தீர்க்கும் வழி நம் வீட்டுப் பின்வாசலைத் திறந்தால் தெரியும் கொல்லையிலேயே இருக்கிறது. மாணவியரே, அதைப் பற்றிச் சிறிது கற்போம்.

இடமும் நீரும்

தோட்டம் என்றதும் பெரிய நிலம் வேண்டும் என்று அஞ்ச வேண்டாம். அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர் இவையே ஒரு சிறு தோட்டத்தை வளர்த்துவிடும். எந்த நீர் எந்தச் செடிக்கு என்று அறிந்தால் போதும். வாழை நீரை விரும்பும். குளியலறை நீர் ஓடும் வழியில் அதை வைக்கலாம். பக்கக் கன்றுகளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கினால் தார் பெருக்கும். பப்பாளியோ வேரில் நீர் தேங்கினால் ஓரிரு நாளில் அழுகிவிடும்; அதை மேட்டில் நட வேண்டும். பப்பாளியில் ஆண் மரம், பெண் மரம் என்ற வேறுபாடு உண்டு. பூத்த பிறகே அது தெரியும். எனவே நான்கைந்து கன்றுகளை நட்டு, பூத்த பின் வேண்டாதவற்றைக் களைவது நல்லது.

காய்த்தோல், முட்டை ஓடு, சருகு ஆகியவற்றை ஒரு குழியில் இட்டு, இடையிடையே மண்ணும் சாணமும் தூவி வந்தால் சில மாதங்களில் நல்ல எரு கிடைக்கும். கொல்லை இல்லாத வீட்டாரும் வருந்த வேண்டாம். வெயில் படும் இடத்தில் ஓர் அகன்ற தொட்டி இருந்தால் சிறுகீரை நான்கு வாரத்தில் பறிப்புக்கு வந்துவிடும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளிவிட்டால் மீண்டும் மீண்டும் துளிர்க்கும்.

பருவம் அறிதல்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நம் முன்னோர் வாக்கு. இதற்கு அறிவியல் காரணமும் உண்டு. பந்தலில் படரும் நாட்டு அவரையை எடுத்துக்கொள்வோம். பகல் குறுகி இரவு நீளும்போதுதான் அது பூக்கும். ஆடியில் விதைத்தால், மழையில் நன்றாகப் படர்ந்து, கார்த்திகை, மார்கழியில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். தை மாதம் கழித்து விதைத்தால் பந்தல் நிறைய இலை இருக்கும், காய் இராது. பரங்கி, பூசணி, சுரை, பாகல் ஆகிய கொடிகளுக்கும் ஆடி ஏற்ற மாதம்.

முருங்கையை நம் வீடுகளில் போத்து நட்டு வளர்ப்பது வழக்கம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாகி 1989 இல் வெளியான பி.கே.எம். 1 என்ற செடிமுருங்கையை விதை ஊன்றியே வளர்க்கலாம். இரண்டு மாதத்தில், இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பக்கக் கிளைகள் பெருகும். ஏறிப் பறிக்க வேண்டிய உயரத்துக்கும் போகாது.

பூவும் பூச்சியும்

பரங்கிக் கொடி நிறையப் பூத்தும் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தால், கொடிக்குக் கண்பட்டது என்பார்கள். உண்மையில் தேனீ வராமையே பெரும்பாலும் காரணம். பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். காலையில் மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே தடவினால் பிஞ்சு நிற்கும். வெயில் ஏறிவிட்டால் பூ மூடிக்கொள்ளும். சுரைப்பூவோ மாலையில் மலர்வது. அதற்கு மாலையே நேரம்.

பூச்சியைக் கண்டதும் நஞ்சைத் தெளிக்க ஓடக் கூடாது. அவரையில் அசுவினி மொய்த்தால் அடுப்புச் சாம்பல் தூவலாம். வேப்ப எண்ணெயைச் சிறிது சோப்பு நீரில் கலந்தும் தெளிக்கலாம். 2008 ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி உழவரைக் கலங்கச் செய்தது. மருந்துக்கு அது அடங்கவில்லை. 2010 இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு குளவிதான் அதை அடக்கியது. அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு அப்பூச்சியையே தின்று வளரும். எல்லாப் பூச்சியும் பகை என்று மருந்தடித்தால் இத்தகைய நண்பர்களும் மடிந்துவிடுவர்.

பறித்தலும் சமைத்தலும்

வெண்டைக்காயைப் பூத்த ஐந்தாறு நாட்களில் பறிக்க வேண்டும். நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும். முற்ற விட்டால் நார் ஏறும். செடியும் புதுக் காய் விடுவதைக் குறைத்துக்கொள்ளும். உலை கொதிக்கும்போது பறித்து வந்த காயின் சுவை, இரண்டு நாள் வண்டியிலும் கடையிலும் வாடிய காய்க்கு வராது. வைட்டமின் சி வாட வாடக் குறைவது, நீரில் கரைவது. ஆகவே கீரையை முதலில் கழுவிப் பின் நறுக்குக. நறுக்கிய பின் நீரில் ஊற விடாதீர்.

கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. அதே வேளை உணவில் எலுமிச்சையோ, நெல்லியோ, ஒரு கொய்யாவோ சேர்ந்தால் அதிலுள்ள வைட்டமின் சி அச்சத்து உடலில் சேர உதவும். சாப்பாட்டோடு தேநீரும் காப்பியும் குடித்தால் அது தடைப்படும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முருங்கைக்கீரை, பரங்கி, பப்பாளி ஆகியவற்றில் உள்ள கரோட்டின், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறிக் கண்ணைக் காக்கும். அது எண்ணெயில் கரைவது. ஆதலால் பொரியலில் ஒரு கரண்டி எண்ணெயும் சிறிது தேங்காய்த் துருவலும் சேர்ப்பது வீண் அன்று. இரத்தசோகை உள்ளவர்கள் மருத்துவர் தரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. கொல்லை மருந்துக்கு மாற்று ஆகாது; துணையாகும்.

யாருடைய தட்டில்?

இனி, தோட்டக்கலை நூல்கள் சொல்லாத ஒன்று. பல வீடுகளில் அப்பாவும் தம்பியும் உண்ட பிறகே அம்மாவும் மகளும் உட்காருகிறார்கள். அப்போது சட்டியில் எஞ்சுவது குழம்பின் அடியும் இரண்டு காயும். விலை கொடுத்து வாங்கிய காய் அளவாகத்தான் வரும். அளவு குறைந்தால் விட்டுக்கொடுப்பவள் பெண்ணாகவே இருக்கிறாள். கொல்லையில் காய்த்தாலும், அம்மா கடைசியில் உண்ணும் வழக்கம் தொடர்ந்தால் அவள் இரத்தம் ஊறாது. பெற்றோரே, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, கீரையைச் சமமாகப் பகிர்ந்து உண்ணும் வழக்கத்தை வீட்டில் கொண்டு வாருங்கள். தண்ணீர் ஊற்றுவது மகளின் வேலை, பழம் தின்பது மகனின் உரிமை என்று பிரிக்காதீர்கள். இருவர் கையிலும் மண் படட்டும். இருவர் தட்டிலும் பழம் விழட்டும்.

மாணவியரே, வரும் ஆடியில் ஆளுக்கு ஓர் அவரை விதையும் ஒரு முருங்கை விதையும் ஊன்றுங்கள். நட்ட நாள், பூத்த நாள், முதல் காய் பறித்த நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். மிகுந்த காயை அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். அங்கிருந்து உங்களிடம் இல்லாத ஒரு விதையைக் கேட்டு வாங்குங்கள். முதல் காயைக் குழம்பில் இட்ட அன்று, அம்மாவை உங்கள் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் தட்டில் முதலில் பரிமாறுங்கள்.