கடலுக்குப் பூட்டிட்ட சிற்றூர்

உடைமை என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவன யாவை? வேலி, எல்லைக்கல், பட்டா, பத்திரம். இவை ஏதும் இல்லாமலே நிலத்தையும் மரத்தையும் ஆற்று மீனையும் பங்கிட்டுக் காத்துவரும் ஊர்களும் உலகில் உண்டு. அத்தகைய ஊர் ஒன்றைப் பற்றி என் பாடமாகிய மீன்வள உயிரியலின் பொருட்டுப் படிக்கத் தொடங்கினேன். மீனைத் தேடிப் போன நான் மனிதரின் உடைமை முறையைக் கண்டேன். கண்டதை நம் சங்கத்து நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இடமும் வழியும்

இந்தோனேசியா 17,000க்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட நாடு. ஜகார்த்தா நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் சென்றால் மலுக்குத் தீவுக்கூட்டத்தின் அம்போன் தீவை அடையலாம். விமானமும் உண்டு, 1952இல் தோன்றிய அரசுக் கப்பல் நிறுவனத்தின் கப்பல்களும் உண்டு. அங்குக் கப்பலுக்குக் ‘காப்பால்’ என்று பெயர். அது நம் தமிழ்ச் சொல்லே என்பது மொழியறிஞர் பலரும் ஒப்பும் செய்தி.

அம்போனின் கீழ்க்கரையில் துலேஹு என்னும் துறை இருக்கிறது. அங்கிருந்து பொறி பூட்டிய சிறு படகில் கடலைக் கடந்தால் ஹருக்குத் தீவு. தீவின் பெயரையே தாங்கிய சிற்றூர் ஒன்று அதன் கரையில் உள்ளது. நாம் காணப்போவது அவ்வூரைத்தான்.

படகுப் பயணம் எந்நாளும் ஒரு தன்மையாக இராது. சாவகத் தீவில் மழை மிகும் காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அம்போன் பகுதியிலோ ஜூன், ஜூலை மாதங்களில்தான் பெருமழை. தென்கிழக்குக் காற்று கடல் ஈரத்தைச் சுமந்து வந்து மலைகளில் மோதுவதே இதற்குக் காரணம். அக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்; சிறு படகுகள் கரையிலேயே காத்துக் கிடக்கும். நாட்காட்டியைவிடக் காற்றை நம்பியே அங்கு மக்கள் பயணத்தை வகுக்கிறார்கள்.

மரம் ஒருவருக்கு, மண் ஒருவருக்கு

இப்பகுதியின் பழைய உணவு அரிசி அன்று. சவ்வரிசிப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுக்கும் மாவு. இயற்கை அறிஞர் ஆல்பிரட் ரசல் வாலஸ், அருகிலுள்ள செராம் தீவில் இத்தொழிலை நேரில் கண்டு, 1869இல் வெளிவந்த தம் நூலில் கணக்கிட்டுக் காட்டினார். நல்ல மரம் ஒன்று ஒரு மனிதனுக்கு ஓராண்டு உணவாகும். அதை வெட்டி, மாவெடுத்து, சுட்டு முடிக்கப் பத்து நாள் உழைப்புப் போதும் என்பது அவர் கணக்கு.

ஓர் ஆண்டு உணவு ஒரே மரத்தில் நிற்குமானால், அம்மரம் யாருடையது என்ற கேள்வி எவ்வளவு பெரியது! மலுக்கு மக்கள் இதற்குக் கண்ட விடை நமக்குப் புதுமையாகத் தோன்றும். அங்கு மண்ணும் மரமும் ஒரே உடைமை அல்ல. ஒரு குடியின் பொது நிலத்தில் வேறொருவர் நட்ட மரம் நட்டவர்க்கே உரியதாகலாம். ஆகையால் ஓரிரு பருவத்தில் முடியும் கிழங்கையோ காய்கறியையோ பயிரிட எளிதில் இசைவு தருவார்கள். கிராம்பு, தென்னை போன்ற நீண்டநாள் மரங்களை நட எளிதில் தரமாட்டார்கள். மரம் நிற்கும்வரை உரிமையும் நிற்கும் அன்றோ?

ஊரை அவர்கள் ‘நெகெரி’ என்கிறார்கள். ‘நகரி’ என்ற வடசொல்லின் வழிவந்த பெயர். ஊர்த்தலைவருக்கு ‘ராஜா’ என்று பெயர். ஊரின் எல்லை கரையோடு முடிவதில்லை. கரையோரக் கடலும் ஊருக்குச் சொந்தம்.

சாசி என்னும் பூட்டு

இக்கடலையும் ஆற்றையும் காப்பது ‘சாசி’ என்னும் வழக்கம். குறித்த பொருளைக் குறித்த காலம் வரை யாரும் எடுக்கக் கூடாது என்ற தடையே சாசி. தடை நடப்பில் இருப்பதை அறிவிக்கக் கம்பு நட்டு அதில் தென்னங்குருத்தைக் கட்டிவைப்பார்கள். காவலுக்குக் ‘கேவாங்’ என்னும் ஊர்க்காவலர் குழு உண்டு.

ஹருக்குவின் புகழ்பெற்ற சாசி ‘லோம்பா’ என்னும் சிறு மீனுக்கு உரியது. இது நெத்திலி இனத்தைச் சேர்ந்தது. பகலெல்லாம் ஆற்றுக்குள் கூட்டமாகத் தங்கி, இரவில் கடலுக்கு இரை தேடச் செல்லும். மறுபடியும் ஆற்றுக்கே திரும்பும். இப்பழக்கமே அதன் பலவீனம். ஆற்றின் வாயில் வலை கட்டினால் கூட்டம் முழுவதையும் வாரிவிடலாம். ஆகவே குஞ்சுகள் கரையோரம் தோன்றியது முதல் வளர்ந்து பருவம் எய்தும் வரை ஆறு பூட்டப்படுகிறது. வலை வீசுவது மட்டுமன்று. ஆற்றுக்குள் படகின் பொறியை ஓட்டுவதும், குப்பை கொட்டுவதும், கரை மரங்களை வெட்டுவதும் குற்றம். மீறியவர்க்குத் தண்டம்; சிறுவர்க்குப் பிரம்படி!

சாசி திறக்கும் நாள் ஊருக்குத் திருநாள். விடியுமுன் பறை முழங்கும். தென்னோலைத் தீ மூட்டி மீன் கூட்டத்தை ஆற்றுக்குள் ஈர்ப்பார்கள். ராஜா முதல் வலையை வீசுவார். பிறகு முதியவர், சிறுவர், அயலூரார் என்ற வேறுபாடின்றி எல்லோரும் மீன் வாரலாம். இக்காவற்பணிக்காக ஹருக்குவின் கேவாங் குழு 1985இல் இந்தோனேசிய அரசின் ‘கல்பதரு’ விருதைப் பெற்றது.

1968இல் காரெட் ஹார்டின் என்ற உயிரியல் அறிஞர், பொதுச்சொத்து அழிந்தே தீரும் என்று எழுதினார். ஒவ்வொருவரும் தம் ஆதாயத்தையே நாடுவர் என்பது அவர் வாதம். அதற்கு மறுமொழியாக, மக்களே விதி வகுத்துப் பொதுச்சொத்தைக் காத்த பல ஊர்களை எலினோர் ஆஸ்ட்ரம் எடுத்துக்காட்டினார். 2009இல் பொருளாதார நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஹார்டின் கண்டது காவலற்ற பொது. ஹருக்குவின் ஆறோ காவலுள்ள பொது. இங்கே உடைமைக்கு வேலி இடமன்று, காலமே.

வந்தேறிக்கு என்ன பங்கு?

இவ்வளவும் படித்து மகிழ்ந்த என்னை ஒரு செய்தி தடுத்து நிறுத்தியது. சுலவேசியை அடுத்த பூத்தோன் தீவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் மலுக்கு ஊர்கள் பலவற்றில் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். பயிரிடுகிறார்கள்; கிராம்பு பறிக்கிறார்கள். ஆனால் அந்த ஊர்க்குடிகளில் பிறக்காததால் அவர்களுக்குக் கிடைப்பது இசைவு, உரிமை அன்று. மீனைக் காத்த அதே விதி மனிதனை வாசலில் நிறுத்துகிறது.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் தெருவிலும் ‘நீங்கள் எந்த ஊர்?’ என்ற கேள்விக்கு விடை சொல்லியே வளர்ந்தேன். ஆகவே இவ்விடத்தை எளிதாகக் கடந்துபோக என்னால் இயலவில்லை. 1999 ஜனவரியில் அம்போனில் தொடங்கிய கலவரத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். சமயப் பகையாக வெளிப்பட்ட அப்போரில், வந்தேறிகள் மீதிருந்த கசப்பும் கலந்திருந்தது. பூத்தோன் மக்கள் பலர், மலுக்குவிலேயே பிறந்தவர்கள் உட்பட, மூதாதையர் தீவுக்கு ஓடினர். 2002 பிப்ரவரியில்தான் மாலினோவில் அமைதி உடன்பாடு கையெழுத்தானது.

அரசு செய்ததும் செய்யத்தக்கதும்

1960ஆம் ஆண்டின் நிலச்சட்டம் ஊர்வழக்கை அடிப்படையாக ஒப்புக்கொண்டது. மண்ணையும் மரத்தையும் பிரித்துப் பார்க்கும் முறையையும் ஏற்றது. ஆனால் 1979இன் ஊராட்சிச் சட்டம் நாடு முழுவதையும் சாவகத்து அச்சில் வார்க்க முயன்றது. ராஜாவின் இடத்திலும் மூத்தோர் அவையின் இடத்திலும் ஒரே மாதிரியான அலுவலகம் வைக்கப்பட்டது. சாசி பல ஊர்களில் தளர்ந்தது. 1999இல் அச்சட்டம் நீங்கியது. 2014இன் சட்டம் வழக்காற்று ஊர்களை ஏற்றது.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? ஊர்வழக்கைப் பழைமை என்று இகழ்ந்து எறிந்தால் ஆற்றோடு மீனும் போகும். புனிதம் என்று தொடாமல் விட்டால் வந்தவன் என்றும் வந்தவனாகவே நிற்பான். சாசி திறக்கும் நாளில் அயலூரானுக்கும் வலைவீச இடம் தரும் மனம் அவ்வூருக்கு இருக்கிறது. அம்மனத்தை ஒருநாள் மீனோடு நிறுத்தாமல் மண்ணுக்கும் மரத்துக்கும் நீட்டுவதே அடுத்த படி. அதைச் செய்ய வேண்டியவர்கள் அவ்வூராரே. சட்டம் துணை நிற்கலாம்.

அறிவியல் பயிலும் நண்பர்களே! ஓர் ஊருக்கு ஆய்வுக்குச் செல்லும்போது எத்தனை மீன் உண்டு என்று எண்ணுங்கள். எண்ணியபின், மீனைப் பிடிக்க யாருக்கு உரிமை உண்டு, யாருக்கு இல்லை என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாதவரை முதற்கணக்கு முற்றுப்பெறாது.