கூரையில் ஏறுமுன்: கண்ணாடிச் சீற் கவனம்!

ஆரையம்பதிப் பக்கம் மாரி மழைக்கு முன்னர் ஒழுக்குப் பார்க்கக் கூரையில் ஏறாத வீடு குறைவு. குசினிக்கும் கடைக்கும் வெளிச்சத்துக்காகப் போட்ட கண்ணாடிச் சீற்தான் அப்போது ஆளை விழுத்துகிறது.

1. முதலில் உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் வரும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பாசியும் தூசியும் படிந்தால் மேலிருந்து எல்லாச் சீற்றும் ஒன்றுபோலவே தெரியும்.

2. மஞ்சளித்த சீற்றில் கால் வைக்காதீர்கள். வெயிலில் காய்ந்து அப்பளமாக நொறுங்கும். புதியதையும் மிதிக்க வேண்டாம். அது வெளிச்சத்துக்கு, ஆள் பாரத்துக்கு அல்ல.

3. பழைய அஸ்பெஸ்டஸையும் நம்பாதீர்கள். கீழேயுள்ள சட்டங்கள் இரண்டிலாவது தாங்கும்படி நீளப் பலகை போட்டு, அதன் மேலேயே நகருங்கள். ஆணி வரிசையில் மிதித்தால் போதும் என்பார்கள். கால் சற்று வழுக்கினாலே வெறும் சீற்தான்.

4. சீற் மாற்றும்போதே அடியில் தடித்த கம்பிவலை அடியுங்கள். சீற் உடைந்தாலும் ஆளைத் தாங்கும்.

5. ஈரக் கூரையில் ஏறாதீர்கள், பாசி வழுக்கும்.

6. பந்தெடுக்கப் பிள்ளைகளை ஏற்றவே வேண்டாம்.

யாராவது விழுந்துவிட்டால் தூக்கி ஆட்டோவில் ஏற்றாதீர்கள், முள்ளந்தண்டில் அடிபட்டிருக்கலாம். அசைக்காமல் அப்படியே கிடக்கவிட்டு, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். கட்டணம் இல்லை.